கோப்பு முடிந்தது, குளிர் முடிந்ததா?

குளிர் என்றால் நமக்கு மார்கழிப் பனியும் கம்பளிக் குல்லாவும்தான். பிரான்சில் குளிர் என்பது வாடகை மாதிரி. மாதாமாதம் பணம் கட்டி வெளியே நிறுத்தி வைக்க வேண்டிய சங்கதி. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே ஒரு கிளை உண்டு. அங்கிருந்து வரும் போனில் சில வருடங்களாக அடிக்கடி அடிபடும் சொல் 'ரெனோவாசியோன்'. சுவருக்கு மேல் இன்னொரு போர்வை போல வெப்பக் காப்புப் பலகை ஒட்டுகிறார்கள், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுகிறார்கள், பழைய கொதிகலனைக் கழற்றிப் புதியது வைக்கிறார்கள். அரசு மானியம் தருகிறது. எல்லாம் சரி. ஆட்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போன பிறகு, கையில் காசில்லாத வீட்டில் என்ன நடக்கிறது? அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கதை 1954இல் தொடங்குகிறது. அந்த வருடக் கடுங்குளிரில் பாரீஸ் செபாஸ்தோபோல் வீதி நடைபாதையில் ஒரு பெண் விறைத்து இறந்து கிடந்தாள். வீட்டை விட்டு வெளியேற்றிய உத்தரவுக் காகிதம் அவள் கையிலேயே இருந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி ஆபே பியேர் என்ற பாதிரியார் வானொலியில் உதவி கேட்டு முறையிட்டார். நாடே திரண்டு கம்பளியும் பணமும் கொண்டுவந்து கொட்டியது. 1956இல் குளிர்காலத்தில் யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் வீட்டுக்குள் இருப்பவருக்கு மின்சாரத்தை வெட்டலாமா என்ற கேள்வி அப்படியே நின்றது. எல்லோருக்கும் குளிர்கால மின்வெட்டைத் தடை செய்யும் சட்டம் 2013இல்தான் வந்தது. கூரைக்கும் விளக்குக்கும் நடுவே 57 வருடங்கள்! இப்போது இரண்டு தடைக்கும் காலம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. வெட்டத்தான் கூடாதே தவிர, பாக்கி வைத்தவருக்கு மின் அளவைக் குறைக்க இடம் இருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் எந்த ஊரிலும் ஒரு சந்து விட்டுத்தான் எழுதுவார்கள்.

சார்செல் போன்ற பெரிய அடுக்குமாடித் தொகுதிகள் எழுந்ததும் அந்த ஐம்பதுகளில்தான். குடிசையில் இருந்தவர்களுக்குக் குழாயும் குளியலறையும் கிடைத்தன. எண்ணெய் மலிவு, ஆகவே சுவரின் கனத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, விலை நான்கு மடங்கானது. அடுத்த ஆண்டே புதிய வீடுகளுக்கு முதல் வெப்பக் காப்பு விதி வந்தது. 1979இல் வீட்டுக்குள் 19 டிகிரிக்கு மேல் சூடேற்றக் கூடாது என்றார்கள். விரயத்தை வேட்டையாடுவோம் என்று தொலைக்காட்சியில் பிரச்சாரம் வேறு.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1974இல் அரசு அணு மின்நிலையங்களைப் பெரிய அளவில் கட்டத் தீர்மானித்தது. அவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவது? வீடுகளில் மின்சார ஹீட்டரை வைக்கச் சொன்னார்கள். கட்டுபவருக்கு அது மலிவு: சுவரில் ஒரு பெட்டி, ஒரு ஒயர், முடிந்தது. குடியிருப்பவருக்குத்தான் செலவு. மக்கள் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் 'கிரீய்-பேன்', அதாவது ரொட்டி வாட்டும் கருவி. வீட்டைக் கட்டியவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர். இந்தச் சிக்கலின் வேர் அங்கேதான் என்பது என் கருத்து.

2010 ஜூலை 12ஆம் தேதிச் சட்டம்தான் முதன்முதலில் 'பிரெக்காரித்தே எனெர்ஜெத்திக்' என்பதற்கு இலக்கணம் வகுத்தது. வருமானம் குறைவாலோ வீட்டின் நிலையாலோ அடிப்படைத் தேவைக்கான எரிசக்தியைப் பெறுவதில் தனிப்பட்ட சிரமம் உள்ளவர் என்று அது சொல்கிறது. பள்ளியில் எங்களுக்கு லத்தீன் வேர்ச்சொல்லைச் சொல்லிக் கொடுத்துத்தான் பிரெஞ்சு நடத்துவார்கள். 'பிரெக்கேர்' என்பதன் மூலப் பொருள், கெஞ்சிப் பெற்றது. கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லைச் சட்டத்தில் போட்டவர் தெரிந்து போட்டாரோ தெரியாமல் போட்டாரோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தை ஒட்டி, வருமானம் குறைந்த வீட்டு உரிமையாளர்களுக்காக 'அபித்தே மியே' (நன்றாக வாழ்வோம்) என்ற திட்டம் வந்தது. 2017க்குள் 3 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. வேலைக்குப் பின் எரிசக்தித் தேவை குறைந்தது 25 சதவீதம் குறைய வேண்டும் என்பது நிபந்தனை. இந்த 25 சதவீதம் கணக்கில் வருவது, மீட்டரில் அல்ல. முன்னும் பின்னும் பொறியாளர் காகிதத்தில் போடும் கணக்கு அது. நான் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். காகிதக் கணக்கு சரியாக இருந்தால், கான்ட்ராக்டரின் கடைசி பில்லுக்குக் கையெழுத்தாகி, கோப்பு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். உள்ளே வாழ்பவரின் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

முதல் ஆச்சரியம் பில்லில். எதிர்பார்த்த அளவுக்கு அது குறைவதில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் சுமார் 3,400 ஜெர்மன் வீடுகளின் விவரத்தைப் பார்த்தார்கள். கணக்குப்படி ஆக வேண்டிய எரிசக்தியைவிட மக்கள் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே செலவழித்து வந்திருந்தார்கள். வீடு எவ்வளவு மோசமோ, அவ்வளவு அதிகமாகச் சிக்கனம். ஒரே அறையை மட்டும் சூடேற்றி, மற்ற அறைகளைச் சாத்திவிட்டு வாழ்பவர்களைக் கணக்கு எப்படி அறியும்? அவர்கள் வீட்டைச் சீர்படுத்தினால் மிச்சமாவது பணமல்ல, கிடைப்பது சூடு. 14 டிகிரியில் இருந்த கிழவி 19 டிகிரியில் உட்கார்ந்தால், பில் கிட்டத்தட்ட அப்படியேதான் வரும். இதைச் சில நிபுணர்கள் 'எதிர்விளைவு' என்று குற்றப்பத்திரிகை போல எழுதுகிறார்கள். எனக்கு அது குற்றமாகப் படவில்லை. ஆனால் பணம் மிஞ்சும் என்று நம்பித் தன் பங்குக்குக் கடன் வாங்கியவள் அவளென்றால் அது வேறு விஷயம். மாதத் தவணை தவறாமல் வரும், மிச்சம் வராது.

இரண்டாவது ஆச்சரியம் சுவரில். நான்கு பேர் உள்ள குடும்பத்தின் மூச்சு, குளியல், சமையல், துவைத்த துணி எல்லாமாக ஒரு நாளில் சுமார் 10 லிட்டர் தண்ணீரை ஆவியாகக் காற்றில் கலக்கிறது. பழைய ஜன்னலின் இடுக்குகள் அதை வெளியே கொண்டுபோயின. புதிய ஜன்னல் இறுக்கமாக மூடுகிறது. அதற்காகத்தான் ஜன்னல் மேல்விளிம்பில் காற்று வரும் சின்னத் துளையும், குளியலறையில் எப்போதும் ஓடும் விசிறியும் வைக்கிறார்கள். என் சித்தி மகள் பாரீஸ் புறநகர் அடுக்குமாடியில் இருக்கிறாள். சீரமைப்பு முடிந்த முதல் குளிர்காலத்திலேயே மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது, பேரனுக்கு இருமல். போனில் விசாரித்தால், "துளை வழியா சில்லுனு காத்து வருது அண்ணா, டேப் போட்டு ஒட்டிட்டேன். விசிறிக்கு வேற கரண்ட் ஆவுது, நிறுத்திட்டேன்" என்கிறாள். அடுப்பில் சோறு கொதிக்கிறது, சாம்பார் கொதிக்கிறது, ஆவி போக வழியில்லை. அதை எதற்கு வைத்தார்கள் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. கையில் கொடுத்த புத்தகம் நாற்பது பக்கமாம். அவள் பிரெஞ்சு நன்றாகப் படித்தவள்தான். அந்த நாற்பது பக்கத்தை யார் படிப்பார்கள்?

கொதிகலனுக்கும் இதே கதை. வருடத்துக்கு ஒரு முறை ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று 2009 முதல் விதி இருக்கிறது. அந்தச் செலவு மானியத்தில் வராது.

நடுவில் ஒரு அவலமும் நடந்தது. 'ஒரு யூரோவுக்கு வெப்பக் காப்பு' என்று ஒரு சலுகை ஓடியது. மின்சார, எரிவாயு நிறுவனங்கள் சேமிப்புச் சான்றிதழ் காட்டியே தீர வேண்டும் என்று 2005 சட்டம் சொன்னதால் பிறந்த சலுகை. வயதானவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து போன். அரைகுறையாகப் பரப்பில் பஞ்சைத் தூவிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறைந்த ஆட்கள் உண்டு. 2020 ஜூலையில் இந்த வியாபாரத்துக்குப் போனில் பிடிப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2021இல் ஒரு யூரோ சலுகையும் நின்றது.

பில்லுக்குத் துணையாக 2018 முதல் நாடெங்கும் 'எரிசக்திச் செக்' வருகிறது. வருமானத்தைப் பொறுத்து 48 யூரோ முதல் 277 யூரோ வரை. தபாலில் தானாக வரும் செக்தான், ஆனாலும் முதல் ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பயன்படாமலே போனது. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களும் உண்டாம். அப்படிப்பட்டவர்களிடம் இன்னொரு காகிதத்தை அனுப்பிப் பயனில்லை, ஆள்தான் போக வேண்டும்.

அப்படி ஆள் போகும் ஏற்பாடும் இருக்கிறது. 'ஸ்லீம்' என்று சுருக்கப் பெயர். (ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளுக்குச் சளி, பாசி என்று பொருள், பெயர் வைத்தவர் எங்களைப் போல ஆங்கிலம் படிக்காதவர் போலும்.) உள்ளூர் ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பில்லைப் பார்க்கிறார், தெர்மோஸ்டாட்டைத் திருகிக் காட்டுகிறார், கதவடியில் துணிப்பட்டை ஒட்டுகிறார், அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிறார். பெரிய பணம் இல்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்.

2020இல் வந்த 'மா பிரிம் ரெனோவ்' மானியத்தில் பெரிய வேலைகளுக்கு 2024 முதல் அரசு அங்கீகரித்த துணையாளர் ஒருவர் கட்டாயம். வேலைக்கு முன் வந்து வீட்டைப் பார்க்கிறார், மதிப்பீட்டுத் தாள்களை ஒப்பிட உதவுகிறார். வேலை முடிந்த பின் வீட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்குவதும் இப்போது அவர் கடமைப் பட்டியலில் எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் வேலை பெரும்பாலும் கோடையில் முடிகிறது. ஜூலை வெயிலில் ரேடியேட்டர் வால்வைக் காட்டி விளக்கினால் ஜனவரியில் யாருக்கு நினைவிருக்கும்? முதல் குளிர் இறங்கியதும் அதே ஆள் இன்னொரு முறை வாசல் மணியை அடிக்க வேண்டும். என் சித்தி மகள் வீட்டுக்கு அப்படி ஒரு இளைஞன் வந்தானாம். டேப்பைப் பிய்த்துவிட்டு, துளைக்கு நேர் கீழே இருந்த சோபாவைத் தள்ளிப் போடச் சொன்னான். விசிறி வருடம் முழுக்க ஓடினால் எவ்வளவு ஆகும் என்று அவள் பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். கறுப்பைச் சுரண்டிக் கழுவி வெள்ளை அடித்திருக்கிறாள். இந்தக் குளிருக்கு இதுவரை மறுபடி பூக்கவில்லை என்கிறாள்.