ரூர் நிலக்கரிப் பகுதியின் மாற்றம்

ரூர் நிலக்கரிப் பகுதியின் மாற்றம் என்பது மேற்கு ஜெர்மனியின் ரூர் வட்டாரம் கரிச்சுரங்கத் தொழிலிலிருந்து படிப்படியாக விலகிய அறுபதாண்டு வரலாறு. சுரங்கங்களை மூடும்போது தொழிலாளர்களையும் ஊர்களையும் காப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் அனுபவம் இது.

பின்னணி
1957இல் ஜெர்மனியின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை செய்தனர். மலிவான எண்ணெயும் இறக்குமதி நிலக்கரியும் வந்ததால் 1958 முதல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர்களின் எதிர்ப்பு வலுத்தது. 1968இல் பல சுரங்க நிறுவனங்கள் இணைந்து ரூர்கோலே நிறுவனம் உருவாயிற்று.

தொழிலாளர் பாதுகாப்பு
மூடப்படும் சுரங்கத்தின் தொழிலாளி இயங்கும் சுரங்கத்துக்கு மாற்றப்பட்டார். இளையோருக்கு மறுபயிற்சி கிடைத்தது. நிலத்தடியில் நெடுங்காலம் உழைத்தவர்களால் 50 வயதில் வெளியேறி, ஓய்வூதியம் தொடங்கும்வரை அதிகபட்சம் ஐந்தாண்டுகள் உதவித்தொகை பெற முடிந்தது. நிறுவன மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர்களுக்குச் சம இடம் தரும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சங்கங்களுக்கு வலுவூட்டியது. கருநிலக்கரிச் சுரங்கங்களுக்கான அரசு மானியத்தை 2018க்குள் நிறுத்த 2007இல் உடன்பாடு ஏற்பட்டது. கடைசியாகப் போட்ரோப் நகரின் புரோஸ்பர்-ஹானியல் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று விடைபெற்றது. தொழிலாளர்கள் கடைசிக் கரித்துண்டைக் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மயரிடம் ஒப்படைத்தனர்.

ஊரும் மண்ணும்
பெருந்தொழிலுக்குப் பேர்போன இவ்வட்டாரத்தில் போஹும் நகரின் பல்கலைக்கழகம் 1965இல் வகுப்புகளைத் தொடங்கியது. எஸ்ஸனின் சோல்ஃபெரைன் சுரங்கம் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. சுரங்கம் தோண்டியதால் நிலம் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துள்ளது. அதனால் புதைசாக்கடை அமைக்க முடியாமல் எம்ஷர் ஆறே திறந்த சாக்கடையாக ஓடியது. நிலம் தாழ்வது நின்றபின் நிலத்தடிக் கால்வாய் கட்டப்பட்டு, 2021 இறுதியில் கழிவுநீர் கலப்பது நின்றது. பழைய சுரங்கங்களில் ஊறும் நீரை மட்டும் என்றென்றும் இறைத்தாக வேண்டும். 2007இல் அமைக்கப்பட்ட அறக்கட்டளை அச்செலவை ஏற்கிறது.

பழுப்பு நிலக்கரி
ரூருக்கு மாறாக, கிழக்கே லவுசிட்ஸ் பழுப்பு நிலக்கரிப் பகுதியில், 1990இல் ஜெர்மனி ஒன்றிணைந்தபின் சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் பேர் வேலையிழந்தனர். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை முற்றாக நிறுத்த 2020இல் சட்டம் வந்தபோது, பழுப்பு நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கப்பட்டது. கோட்புஸ் நகரில் 2024இல் திறக்கப்பட்ட ரயில் பராமரிப்புப் பணிமனை சுமார் 1,200 வேலைகளை இலக்காகக் கொண்டது.

மதிப்பீடு
ரூரில் சுரங்கத் தொழிலாளி தெருவில் விடப்படவில்லை; ஆனால் அவருடைய பிள்ளைகளுக்கான வேலை அதே வேகத்தில் வரவில்லை. கெல்சன்கிர்ஷன் நகரில் வேலையின்மை இன்றும் ஜெர்மனியிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. உதவித்தொகை ஒரு தலைமுறையைக் காக்கும். அடுத்த தலைமுறையைக் காக்க, சுரங்கம் மூடப்படும் முன்பே மாற்றுத் தொழில் ஊருக்குள் வந்திருக்க வேண்டும்.