குண்டு துளைக்காத பிள்ளை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பையன் ஒரு பழைய அமெரிக்கப் படத்தைப் போட்டுவிட்டு, "அப்பா, வந்து உட்காருங்கள், நீங்கள் பிறந்த காலத்துப் படம்!" என்றான். 1978-ஆம் வருஷம் ரிச்சர்டு டானர் டைரக்ட் செய்து வெளிவந்த 'ஸூப்பர்மேன்' அது. மனிதன் ஆகாயத்தில் பறக்கிற கதையில் நமக்கென்ன வேலை என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். முக்கால் மணி கழித்து, பையன் பார்க்காத சமயம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கிரிப்டான் என்ற கிரகம் அழியப் போகிறது. அதை முன்பே உணர்ந்த விஞ்ஞானி ஜோர்-எல், தம் ஒரே குழந்தையை விண்கலத்தில் ஏற்றிப் பூமிக்கு அனுப்பிவிட்டு மனைவியுடன் மடிகிறார். பிள்ளையில்லாத குடியானவத் தம்பதி அந்தக் குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள். கர்ணனைப் பேழையிலும் மோசேயை நாணற்கூடையிலும் ஆற்றில் விட்ட கதைதான். ஆறு மட்டும் ஆகாயமாகிவிட்டது.

பெற்ற தகப்பனாக நடித்தவர் மார்லன் பிராண்டோ. சில நிமிஷ வேஷத்துக்கு அவர் வாங்கிய தொகை 37 லட்சம் டாலர். லாபத்தில் பங்கு வேறு! ஆனால் என்னைக் கலங்க வைத்தவர் அவர் அல்லர். வளர்த்த தகப்பனாக வரும் கிளென் ஃபோர்டு. மகனுக்குப் பரிவாக நாலு வார்த்தை சொல்கிறார். இருவரும் விளையாட்டாக ஓடுகிறார்கள். கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மறுகணம் சாய்ந்துவிடுகிறார். இத்தனை சக்தி இருந்தும் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லையே என்று சமாதியருகே தாயிடம் பிள்ளை புலம்புகிறான்.

இந்தப் புலம்பலின் வேரைத் தேடிப் போனால் கிளீவ்லாண்டு நகரத்துக்குப் போய்ச் சேருகிறோம். அங்கே மிட்செல் ஸீகல் என்ற யூதர் பழைய துணிக்கடை வைத்திருந்தார். லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர், ஆறு குழந்தைகள். 1932 ஜூன் 2-ந் தேதி இரவு கடையில் திருடர்கள் புகுந்தபோது, அவர் மாரடைப்பால் கீழே விழுந்து இறந்தார். கடைக்குட்டி ஜெர்ரிக்கு அப்போது வயது 17. அடுத்த சில வருஷங்களில் அவனும் சிநேகிதன் ஜோ ஷூஸ்டரும் சேர்ந்து, துப்பாக்கிக் குண்டு துளைக்காத வீரன் ஒருவனைப் படைத்தார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட அத்தாட்சிப் பத்திரம் என்னிடம் இல்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, கற்பனை எந்தக் காயத்தில் ஊறுகிறது என்று ஓரளவு தெரியும்.

இன்னொரு விசித்திரம். 1938-இல் வெளியான முதல் கதையில் அந்தக் குழந்தை அநாதை விடுதிக்குத்தான் போகிறது. வளர்ப்புத் தாய் தந்தையர் 1939-இல்தான் வந்தார்கள். வந்தவர்களை அந்த வருஷமே சாகவும் வைத்துவிட்டார் ஆசிரியர்! மகாபலசாலிக்கும் அந்தத் துக்கம் தேவைப்பட்டது போலும்.

படைத்தவர்களின் கதியையும் சொல்ல வேண்டும். 1938-இல் 130 டாலருக்கு அந்தப் பாத்திரத்தின் உரிமையை இருவரும் விற்றார்கள். பிள்ளை ஊரார் வீட்டில் கோடி கோடியாகச் சம்பாதித்தான். பெற்றவர்கள் வறுமையில் வாடினார்கள். ஷூஸ்டருக்குக் கண் பார்வையும் மங்கிப்போயிற்று. படம் தயாராகவிருந்த நேரத்தில் ஸீகல் தம் குறையைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். பத்திரிகைகளும் சக சித்திரக்காரர்களும் துணை நின்றார்கள். 1975 டிசம்பரில் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. 1978-ஆம் வருஷத்துப் படத்தில் அவர்கள் பெயர் திரையில் தெரிகிறது. பணத்தைவிட அந்த ஒரு வரிதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடுகிற வழக்கத்தில் வளர்ந்தவன் அல்லவா நான்?

என் தகப்பனார் போனதும் மாரடைப்பில்தான். தண்ணீர்ச் செம்புடன் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த விடியற்காலையில் நான் ஆகாயத்தில் பறக்கக் கூடியவனாக இருந்திருந்தாலும், செய்வதற்கு வேறொன்றும் இருந்திராது என்பதை இந்தப் படம் எனக்குச் சொல்லிற்று. அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

படம் முடிந்ததும், "எப்படியப்பா பறக்க வைத்தார்கள்?" என்று கேட்டான் பையன். "கம்பி கட்டித்தான்" என்றேன். அவன் கேட்டதற்கு அது போதும். மற்றதை அவனாகவே ஒரு நாள் தெரிந்துகொள்வான். அந்த நாள் மெதுவாக வரட்டும்.