மான் வேட்டை: பரண் முதல் பயிர் வரை

1997இல் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் ஒரு சிடி ரோம் விற்பனைக்கு வந்தது. பெயர் ‘டீர் ஹன்டர்’. விலை ஏறக்குறைய 20 டாலர். வேட்டைக்காரர்களுக்கு ஒரு கணினி ஆட்டம் இருந்தால் விற்கும் என்ற யோசனையைக் கிளப்பியதே வால்மார்ட்தான். சன்ஸ்டார்ம் இன்டராக்டிவ் என்ற சிறிய நிறுவனம் சில மாதங்களில், குறைந்த செலவில் அதைச் செய்து முடித்தது. பேய்களையும் வேற்றுக்கிரகப் படைகளையும் சுட்டுத்தள்ளிப் பழகிய விமர்சகர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அதுவரை கேம் வாங்கியே இராத மனிதர்கள் தூண்டிலும் தோட்டாவும் வாங்கப் போன இடத்தில் இதையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆட்டம் எளிமையானது. இண்டியானா, ஆர்கன்சா, கொலராடோ என மூன்று நிலங்கள். வரைபடத்தில் இடம் தேர்ந்து, குளம்படிகளைத் தேடி, மரத்தில் பரண் அமைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு கொம்புகளை மோதவிட்டு ஓசை எழுப்பலாம்; பெண் மானின் வாடையைத் தூவலாம். வெள்ளைவால் மான் ஒன்று வந்தால் சுடலாம். கொம்பு சுவரில் ஏறும். அத்துடன் சரி. எத்தனை மான் விழுந்தாலும் அடுத்த வேட்டையில் காடு மறுபடி நிறைந்திருக்கும்.

நிஜமான அமெரிக்கக் காடும் அப்படித்தான் வற்றாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பினார்கள். இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கூலி வேட்டைக்காரர்கள் சுட்ட மான்கள் ரயிலேறி நகரங்களுக்குப் போயின. 1900 வாக்கில் நாடு முழுவதும் எஞ்சியிருந்த வெள்ளைவால் மான்கள் 3 முதல் 5 லட்சம் வரைதான் என்று மதிப்பிடுகிறார்கள். அதே ஆண்டில் வந்த லேசி சட்டம், சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதைக் குற்றமாக்கியது. மாநிலங்கள் வேட்டைப் பருவம், உரிமம், எண்ணிக்கை வரம்பு என்று கட்டுப்பாடுகளை இறுக்கின. ஆண் மானை மட்டும் சுடலாம், பெண் மானைத் தொடக்கூடாது என்ற விதி பல இடங்களில் வேதவாக்கானது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரியை வனவிலங்கு மீட்புக்குத் திருப்பிவிட்டது.

காப்பாற்றுவது என்றால் சுடாமல் இருப்பது மட்டும்தானா? அரிசோனாவின் கெய்பாப் பீடபூமி இந்தக் கேள்வியை எழுப்பியது. 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை விலங்குக் காப்பிடமாக அறிவித்தார். மான் வேட்டை நின்றது. மானை இரையாக்கும் பூமாக்களை அரசு ஆட்கள் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். அங்கிருந்த மியூல் மான்கள் பெருகி, எட்டிய உயரம் வரை இலையைத் தின்று தீர்த்தன. 1920களின் நடுவில் பனிக்காலங்களில் கூட்டமாகப் பட்டினியில் செத்தன.

1924இல் ஒரு விசித்திர முயற்சி நடந்தது. மான்களைப் பீடபூமியை ஒட்டிய பள்ளத்தாக்குக்குள் இறக்கி, கொலராடோ ஆற்றைக் கடக்கவைத்து, மறுகரைக்கு ஓட்டிவிடுவது திட்டம். குதிரைவீரர்களும் மணியடித்து வந்த நவஹோ மக்களும் வரிசை கட்டினார்கள். நாவலாசிரியர் ஜேன் கிரேயும் வந்திருந்தார். பனி கொட்டியது, வரிசை கலைந்தது, இடைவெளிகளில் புகுந்து மான்கள் பின்பக்கமாக ஓடிவிட்டன. ஒரு மான்கூட ஆற்றைக் கடக்கவில்லை. கெய்பாப் மான் கணக்குகள் நம்பத்தக்கவை அல்ல என்று 1970இல் உயிரியலாளர் கிரேம் காக்லி எழுதினார். அதற்குள் கெய்பாப் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

கெய்பாபிலிருந்து பாடம் எடுத்தவர்களில் முக்கியமானவர் வனவியலாளர் ஆல்டோ லியோபோல்ட். 1933இல் ‘கேம் மேனேஜ்மென்ட்’ (வேட்டை விலங்கு மேலாண்மை) என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்கே பேராசிரியரானார். வேட்டை விலங்குகளை அழித்த கோடரி, ஏர், மாடு, தீ, துப்பாக்கி ஆகிய ஐந்தையும் கொண்டே அவ்விலங்குகளை மீட்கலாம் என்பது அவர் வாதம். நிலத்தின் தாங்குதிறனுக்கு மேல் மான் இருந்தால் பெண் மான்களையும் சுட்டுக் குறைத்தாக வேண்டும் என்றார். 1942இல், வேட்டையில் தாயை இழக்கும் மான்குட்டியின் கதையான டிஸ்னியின் ‘பாம்பி’ படம் ஊரையே உருக்கியிருந்தது. மறு ஆண்டு விஸ்கான்சினில் பெண் மான்களையும் சுட அனுமதித்தபோது எழுந்த ஆத்திரத்தை லியோபோல்ட் நேரடியாகத் தாங்க வேண்டியிருந்தது.

அவர் சொன்னதைத் தனியார் நிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் டெக்சாஸ்காரர்கள். 1975இல் ஆல் பிரதர்ஸ், மர்ஃபி ரே ஆகிய இருவரும் எழுதிய நூல், இளம் ஆண் மான்களை விட்டுவைத்து, பெண் மான்களைப் போதிய அளவு குறைத்து, தீவனத்தைக் கவனிக்கச் சொன்னது. 1988இல் தென் கரோலினாவில் ஜோ ஹாமில்டன் இதற்கென ஒரு சங்கமே தொடங்கினார். வேட்டைக்காரர் பாதி விவசாயியானார்: மண்ணைச் சோதிக்கிறார், சுண்ணாம்பு இடுகிறார், மான் தின்னக் குளோவரும் ஓட்ஸும் விதைக்கிறார், வெயில் தரையில் விழ மரங்களை வெட்டிவிடுகிறார்.

திரை ஆட்டங்கள் இந்தப் பாதையில் பின்தங்கியே நடந்தன. 2000இல் ஆர்கேடுகளுக்கு வந்த ‘பிக் பக் ஹன்டர்’ ஆட்டத்தில் பெண் மானைச் சுட்டால் அந்தச் சுற்றே போய்விடும். லியோபோல்ட் எதிர்த்துப் போராடிய பழைய விதி, பிளாஸ்டிக் துப்பாக்கியோடு உயிர்பெற்று வந்தது. 2017இல் சுவீடனின் அவலாஞ்ச் நிறுவனத்திடமிருந்து வந்த ‘தி ஹன்டர்: கால் ஆஃப் த வைல்ட்’ ஒரு படி முன்னே போனது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால் விலங்குகள் அந்த இடத்தை விட்டுப் போய்விடும்.

2022இல் சுலோவாக்கியாவின் நைன் ராக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘வே ஆஃப் த ஹன்டர்’தான் மந்தையையே ஆட்டத்தின் மையமாக வைத்தது. வளர்ந்தால் நல்ல கொம்பு தரக்கூடிய இளம் ஆண் மானை அவசரப்பட்டுச் சுட்டால் மந்தையின் தரம் இறங்கும். கிழடானதையும் நலிந்ததையும் பார்த்துக் கழித்தால் ஏறும். டெக்சாஸ் நூல் வந்து 47 ஆண்டுகள் கழித்து அதன் பாதிப் பாடம் திரைக்கு வந்து சேர்ந்தது.

மறுபாதியான தீவனப் பாடம் இவற்றில் வரவில்லை. இந்த ஆட்டங்களில் மேய்ச்சல் இடத்தையும் நீர்நிலையையும் நிரலாளர்கள் முன்கூட்டியே அமைத்துவைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர் ஒரு விதைகூடப் போடுவதில்லை. லியோபோல்ட் எண்ணிச் சொன்ன ஐந்து கருவிகளில் அவர் கைக்குக் கிடைத்திருப்பது துப்பாக்கி ஒன்றுதான்.