எரியூட்டப்பட்ட முரசுகள்

1941ஆம் ஆண்டு. ஹைட்டி நாட்டில் ஒரு பங்குத்தந்தையின் இல்லம். அதன் பின்முற்றத்தில் முரசுகளும், வண்ணம் தீட்டிய கலயங்களும், மணிமாலைகளும், தாயத்துகளும் மலைபோல் குவிந்து தீக்காகக் காத்திருந்தன. அவ்வழியே பயணம் வந்த மானிடவியல் அறிஞர் ஆல்பிரட் மெத்ரோ, கலையழகு மிக்க சிலவற்றையாவது விட்டுவைக்குமாறு வேண்டினார். நாட்டின் மானமே இதில் அடங்கியுள்ளது என்று கூறி, குருவானவர் மறுத்துவிட்டார்.

அம்முரசுகளின் கதை நெடியது. பிரெஞ்சுக் குடியேற்றங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவின் தகோமி, கொங்கோ முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கொணரப்பட்டனர். அடிமைகள் அனைவருக்கும் திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்றது 1685ஆம் ஆண்டின் அரச சட்டம். தண்ணீர் கிடைத்தது; விடுதலை கிடைக்கவில்லை. எனவே அவர்கள் தம் முன்னோரின் தெய்வங்களைப் புனிதர்களின் உருவங்களில் கண்டனர். பாம்புகளோடு வரையப்பட்ட புனித பேட்ரிக், நாகத் தெய்வமாகிய தம்பாலா ஆனார். வாளேந்திய புனித யாக்கோபு, போர்த் தெய்வமாகிய ஓகு ஆனார். இவ்வாறு உருவானதே வோடு சமயம். 1804இல் நாடு விடுதலை பெற்றபின், 1860இல் உரோமையோடு உடன்படிக்கை ஏற்படும்வரை அங்கே குருக்கள் மிகச் சிலரே. அந்நாள்களில் செபமும் முரசும் ஒரே குடிசையில் வளர்ந்தன.

1941, 1942ஆம் ஆண்டுகளில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் இவ்விரண்டையும் பிரிக்க முயன்றது. பழைய வழிபாட்டைக் கைவிடுவதாக மக்கள் ஆணையிட வேண்டியிருந்தது. அரசும் துணை நின்றது. ஆனால் 1942இல் ஓர் ஆலயத்தில் திருப்பலி வேளையில் துப்பாக்கி வெடித்தபின் இயக்கம் தணிந்தது. ஒழிக்கப்பட வேண்டியது மக்களின் வறுமையே என்று அந்நாட்டு எழுத்தாளர் ஜாக் ரூமேன் அப்போது வாதிட்டார். அவர் திருச்சபையின் நண்பரல்லர். ஆயினும் அச்சொல்லில் நற்செய்தியின் குரல் ஒலிக்கவில்லையா?

மெத்ரோ மீண்டும் அந்நாட்டுக்குச் சென்று, கண்டவற்றைப் பொறுமையோடு ஆராய்ந்து, 1958இல் நூலாக வெளியிட்டார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்கக் கற்பித்தது. அன்று எரிந்த முரசின் உறவுகள் பின்னர் ஹைட்டியின் ஆலயங்களில் திருப்பலிப் பாடல்களோடு ஒலித்தன. 2003இல் அரசு வோடுவைச் சமயமாக ஏற்றது. சூலை 16இல் கார்மேல் அன்னையின் விழாவுக்கு ஏழை மக்கள் சோ தோ அருவியை நாடித் திரண்டு வந்தனர்.

எல்லா வழிபாடும் ஒன்றே என்பதன்று நம் கருத்து. அடிமையின் கையிலிருந்த முரசைப் பறிக்குமுன், அவன் ஏன் அதை இறுகப் பற்றியிருந்தான் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். கேளாமல் மூட்டிய தீயில் மரம் எரிந்தது, மனம் மாறவில்லை.