ஒரு தீவும் பல ராபின்சன்களும்



ஒருவர் படைத்த கதையை மற்றொருவர் எடுத்து வளர்த்தெழுதும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அவ்வாறு எழுந்த நூல்களுள் எதை மக்கள் போற்றுவர், எதைக் கைவிடுவர் என்று எவராலும் முன்கூட்டிக் கூற இயன்றதில்லை. இதற்கு ராபின்சன் குரூசோவின் வரலாறு ஒன்றே போதும்.

1719ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் டேனியல் டீபோ அக்கதையை லண்டனில் வெளியிட்டார். முகப்பில் அவர் பெயர் இல்லை. குரூசோவே எழுதியதாக அச்சிட்டிருந்தனர். நூல் விரைந்து விற்றது. நான்கு திங்களுக்குள் இரண்டாம் பாகமும் வந்தது. அது நெடுங்காலம் முதற்பாகத்தோடு சேர்த்துப் படிக்கப்பட்டது. இன்று அதைத் தேடுவோர் மிகச் சிலரே. 1720இல் குரூசோவின் சிந்தனைகள் என்று மூன்றாம் பாகம் ஒன்றையும் டீபோ அளித்தார். அது எடுபடவில்லை. ஆளற்ற தீவில் குரூசோ வேலி கட்டியதையும் பானை சுட்டதையும் விரும்பிய வாசகருக்கு அவனுடைய அறவுரை தேவைப்படவில்லை போலும்!

தீவைப் பிறர் எடுத்துக்கொண்டனர். ஷ்னாபல் என்னும் ஜெர்மானியர் 1731இல் தம் தீவுக் கதையைத் தொடங்கினார். இவ்வகை நூல்களுக்கு 'ராபின்சனேடு' என்ற பெயர் அவருடைய முன்னுரையில்தான் முதலில் காணப்படுகிறது. பெயர் நிலைத்தது, அவர் நூல் இன்று பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்க்கே உரியது.

1762இல் ரூசோ, தம் 'எமீல்' நூலில், சிறுவன் முதலில் படிக்கவேண்டிய புத்தகம் குரூசோவே என்றார். அவ்வழியில் காம்பே என்ற கல்வியாளர் 1779இல் 'இளைய ராபின்சன்' எழுதினார். தந்தை கதை சொல்கிறார். பிள்ளைகள் இடைமறித்து வினவுகின்றனர். ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு அம்முறை மிகவும் உவப்பானது. நூறு பதிப்புகளுக்கு மேல் கண்ட அந்நூலும் பின்னர் மங்கிற்று.

நிலைத்தது எது தெரியுமா? சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரப் பாதிரியார் வீஸ் என்பவர், தம் நான்கு புதல்வர்களுக்காக எழுதி வைத்த கதை! மகன்களுள் ஒருவர் அதைத் திருத்தி 1812இல் சூரிக் நகரில் வெளியிட்டார். அத்தீவில் பெங்குவினும் உண்டு, கங்காருவும் உண்டு. விலங்கியல் ஆசிரியர் பார்த்தால் சிவப்பு மையைத் தேடுவார். ஆயினும் உலகச் சிறுவர்கள் அதை அணைத்துக்கொண்டனர். குரூசோ தனியன், இங்கோ தாய், தந்தை, நான்கு பிள்ளைகள். நான் பணியாற்றிய பள்ளியின் நூலகத்தில் டீபோவின் நூல் புதுமை குன்றாதிருக்க, வீஸின் நூல் இருமுறை கட்டடம் செய்யப்பட்டது.

இன்னொரு வேடிக்கை: மூலத்தின் தலைப்புக்குப் பொருள் 'சுவிஸ் ராபின்சன்' என்பதே. ஆங்கிலத் தலைப்பைக் கண்டவர்கள் ராபின்சன் என்பதை அக்குடும்பத்தின் பெயராகவே கொண்டுவிட்டனர்!

அந்நூலைப் பிரெஞ்சில் பெயர்த்த மோந்தோலியே அம்மையார், 1824இல் தாமே கதையைத் தொடர்ந்து எழுதினார். பிறகு 1900இல் ஜூல்ஸ் வெர்னும் அக்குடும்பத்தைத் தொடர்ந்தார். டீபோவின் படைப்பில் தத்துவம் மிகுதி என்று ஒப்புக்கொண்ட அவர், இளம் உள்ளங்களைக் கவர்வது வீஸின் கதையே என்று முன்னுரையில் எழுதினார். உலகம் முழுதும் தம் பெயரை அறிந்திருந்த காலத்தில் வெர்ன் எழுதிய அந்நூலின் பெயர் 'இரண்டாம் தாயகம்'. வெர்னின் நூல்களை ஆவலோடு படிக்கும் உங்களுள் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?