கெய்ரோவின் சர்க்கரை மரம்

நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் நம் இல்லங்களில் எளிதில் விளக்கு அணைவதில்லை. வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிவோர் ஒருபுறம், கறிக்கு மசாலை அரைப்போர் ஒருபுறம், விருந்தினர் அமரப் பாய் தட்டி வைப்போர் மற்றொருபுறம் என்று வீடே விழித்திருக்கும். எனினும் இத்தனைக்கும் முன்னதாக நடந்தேற வேண்டிய வேலை ஒன்று உண்டு. பித்ரா அரிசியை அளந்து உரியவர் வீடுகளுக்கு அனுப்பி வைப்பதே அது. தலைக்கு ஒரு ஸாஉ தானியம். வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் சேர்த்து. பெருநாள் தொழுகைக்கு முன்பே அது போய்ச் சேருவதே முறை. அன்றைய தினம் எவரும் பிறர் வாயிலில் நின்று கேட்கும் நிலை வரலாகாது என்பது அதன் கருத்து.

இந்தப் பித்ராவின் பெயரையே தாங்கிய பலகார மாளிகை ஒன்று ஒரு காலத்தில் எகிப்து நாட்டில் இருந்தது. கி.பி. 969இல் கெய்ரோ நகரை நிறுவிய பாத்திமிய மரபில், எகிப்திலிருந்து ஆண்ட இரண்டாம் கலீபாவான அல்-அஸீஸ் (975–996) அதனை ஏற்படுத்தினார். தாருல் பித்ரா என்பது அதன் பெயர். ரஜப் மாதத்தின் நடுவிலேயே அங்கு அடுப்பு மூட்டப்பட்டுவிடும். மாவும் சர்க்கரையும், பாதாமும் பிஸ்தாவும், பேரீச்சம்பழமும் தேனும், நல்லெண்ணெயும் அங்கு மலைபோல் வந்து குவியும். கைதேர்ந்த பலகாரக்காரர்கள் இரவு பகலாய் உழைப்பர். பெருநாள் நெருங்க நெருங்க, தட்டுகள் அரண்மனையிலிருந்து நகரெங்கும் புறப்படும். 1442இல் மறைந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸீ தமது 'கிதத்' நூலில் இவற்றையெல்லாம் விரிவாகத் தொகுத்துத் தந்திருக்கிறார்.

ஈண்டு ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். பித்ரா தானியத்தின் அளவில் அமீர் என்றும் கூலியாள் என்றும் வேறுபாடில்லை. தாருல் பித்ராவின் தட்டுகளிலோ பதவிக்கேற்பப் பங்கு! பெரிய பதவிக்குப் பெரிய தட்டு. சிறிய பதவிக்குச் சிறிய தட்டு. பெயர் பித்ராவின் பெயர்தான். நடைமுறை அரசவையின் நடைமுறை.

பெருநாள் பலகாரத்தைச் சிறப்பாகச் செய்து வழங்கும் வழக்கத்தைப் பாத்திமியர்களே தொடங்கி வைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்களுக்கு முன்பே எகிப்தின் வரவு செலவுகளைக் கவனித்து வந்த அபூபக்ர் அல்-மாதராயீ எனும் பெருஞ்செல்வரின் வீட்டு விருந்தைப் பற்றி மக்ரீஸீ ஒரு சுவையான செய்தி சொல்கிறார். சர்க்கரையும் பிஸ்தாவும் அடைத்த சிறு பலகாரங்களைச் செய்வித்த அவர், அவற்றுள் சிலவற்றில் பொற்காசுகளை வைத்து மூடச் செய்தாராம். பந்தியில் பரிமாறியவர் விருந்தாளி ஒருவரிடம், குறிப்பிட்ட தட்டைக் காட்டி, 'இதனைக் கவனித்துக் கொள்ளும்' என்று மெல்லச் சொன்னார். அந்த மனிதர் மெல்லுவதும், வாயிலிருந்து எதையோ எடுப்பதும், மடியில் சேர்ப்பதுமாக இருந்தார். அருகிலிருந்தோர் எத்தனை நேரம் பார்த்துக் கொண்டிருப்பர்? சற்று நேரத்தில் அந்தத் தட்டின்மேல் அனைவரும் முண்டியடித்தனர். அதுமுதல் அப்பலகாரத்துக்கே 'இப்தன் லஹு', அதாவது 'கவனித்துக் கொள்' என்பது பெயராயிற்று.

கதையின் முடிவு நகைப்புக்குரியதுதான். ஆயினும் தொடக்கத்தில் ஒரு நயம் இருப்பதை நாம் மறுக்க முடியாது. பணத்தைக் கையில் கொடுத்தால் வாங்குபவர் முகம் சுருங்கும். பலகாரத்துக்குள் வைத்தாலோ அவர் விருந்தாளியாகவே அமர்ந்து விருந்தாளியாகவே எழுந்து செல்வார். மூடி வைத்துக் கொடுத்த அந்தப் பண்பு, நூறாண்டுகளுக்குள் கெய்ரோவில் தலைகீழாயிற்று. விருந்து கண்காட்சியாக மாறியது.

அதற்குக் கருவியாக அமைந்தது சர்க்கரை. நம் நாட்டுச் சர்க்கரை என்ற சொல்லின் இனமே அரபியில் 'ஸுக்கர்' ஆயிற்று. பிறகு எகிப்தில் செய்த வெண்கட்டிகள் கிழக்கே பெயர்பெற்றன. உருது பேசும் நம் சகோதரர்கள் இன்றும் கற்கண்டை 'மிஸ்ரீ' என்கிறார்களே, மிஸ்ரு நாட்டுப் பொருள் என்பதுதான் அதன் பொருள். அந்தச் சர்க்கரையால் கோட்டை கொத்தளங்களையும் உருவங்களையும் சமைத்து, பெருநாளுக்கு முந்திய நாளில் வீதிவழியே அரண்மனைக்குச் சுமந்து செல்வர். மக்கள் இருமருங்கும் நின்று பார்ப்பர். அங்கே 'ஸிமாத்' எனப்படும் நீண்ட விருந்து விரிப்பில் அவை அலங்காரமாக நிறுத்தப்படும்.

அரசவையில் பணிபுரிந்த அல்-முஸப்பிஹீ என்பார் இத்தகைய ஊர்வலங்களைக் கண்ணாரக் கண்டு எழுதி வைத்தவர். அவருடைய மாபெரும் வரலாற்று நூலில் நாற்பதாம் பாகம் ஒன்றே நமக்கு மிஞ்சியிருக்கிறது. அதுவும் ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியல் நூலகத்தில். ஹிஜ்ரி 415ஆம் ஆண்டு அதனுள் அடங்குகிறது. அவ்வாண்டு நைல் நதி பொய்த்து, விலை ஏறி, நாடு பஞ்சத்தில் இருந்தது. அந்த ரமளான் இறுதியிலும், அதாவது 1024 டிசம்பரிலும், சர்க்கரை மாளிகைகள் வழக்கம்போல் வீதியில் சென்றன! இரண்டு மாதம் கழித்து, 1025 பிப்ரவரியில், ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கலீபா அள்-ளாஹிரின் விருந்து விரிக்கப்பட்டது. அப்போது அரண்மனை அடிமைகள் கூட்டமாக உள்ளே புகுந்தனர். பசி, பசி என்று கூவினர். எம் தலைவரின் விருந்துக்கு எங்களை விட உரிமையுடையோர் எவர் என்று கேட்டபடி விரிப்பில் இருந்த அனைத்தையும் வாரிச் சென்றனர். ஊர்வலத்தையும் இந்தக் கொள்ளையையும் ஒரே பாகத்தில், ஒரே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார் முஸப்பிஹீ.

ஆனால் அரசவை இதனால் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. ஹிஜ்ரி 440 ரமளான் இறுதி நாளில், 1049 மார்ச் மாதத்தில், பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ அதே அரண்மனையினுள் நுழைந்தார். அரசாங்க எழுத்தர் ஒருவருடன் பழக்கம் ஏற்படுத்திக்கொண்டு, அவர் உதவியால் விருந்து மண்டபத்தைப் பார்க்க அனுமதி பெற்றார். அங்கு அவர் கண்டது ஒரு மரம். ஆரஞ்சு மரம் போன்றது. கிளையும் இலையும் கனியும் யாவும் சர்க்கரை. சுற்றிலும் சர்க்கரைப் பதுமைகள் ஆயிரம். அந்த ஒரு நாள் விருந்துக்கு ஐம்பதாயிரம் மன் சர்க்கரை ஒதுக்கப்பட்டதாக அவரிடம் சொன்னார்கள். அரண்மனைப் பானசாலைக்கு நாள்தோறும் 14 ஒட்டகச் சுமை பனிக்கட்டி வந்ததாம். நாஸிர் குஸ்ரூ பாத்திமியரின் கொள்கையைத் தழுவியவர்; ஆகவே வியப்பில் சற்று மிகை கலந்திருக்கவும் கூடும். எனினும் மற்றொன்றையும் அவர் மறைக்காமல் கூறுகிறார்: பெருமக்களுக்குக் கலீபாவின் முன்னிலையில் விருந்து, பொதுமக்களுக்கு வேறு கூடங்களில். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும், பலர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகிய நமக்கு இது விந்தையாகவே படும்.

அம்மரத்தின் உரிமையாளர் கலீபா அல்-முஸ்தன்ஸிர். பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1065இல் தொடங்கி ஏறத்தாழ ஏழாண்டுகள் நீடித்த பெரும்பஞ்சம் எகிப்தை வாட்டியது. 'முஸ்தன்ஸிரின் துன்பகாலம்' என அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. மக்கள் நாயையும் பூனையையும் உண்டனர். சம்பளம் கேட்டு எழுந்த துருக்கியப் படையினர் அரண்மனைக் கருவூலங்களைச் சூறையாடினர். இறுதியில் கலீபா ஒரு வெறும் பாயில் அமர்ந்திருந்ததாகவும், இலக்கண அறிஞர் இப்னு பாபஷாதின் மகள் அன்றாடம் அனுப்பி வைத்த உணவே அவருக்கு ஆதாரமாக இருந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவருக்கு அன்னமிட்ட அந்த அம்மையாரின் பெயரைக்கூட அவர்கள் குறித்து வைக்கவில்லை. தந்தையின் பெயரால்தான் அவரை நாம் அறிகிறோம்.

பாத்திமிய ஆட்சி 1171இல் ஸலாஹுத்தீன் காலத்தில் முடிவுற்றது. சர்க்கரைக் கோட்டைகளின் ஊர்வலமும் அத்துடன் போயிற்று. ஆனால் பலகாரம் போகவில்லை. அது அரண்மனையை விட்டு அங்காடிக்கு வந்தது. மம்லூக்குகள் காலத்துக் கெய்ரோவின் மிட்டாய்க் கடைத்தெருவில், குதிரையும் சிங்கமும் பூனையுமாகச் சர்க்கரைப் பொம்மைகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் என்றும், பெரியோர் சிறியோர் யாவரும் அவற்றைத் தம் வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் வாங்கிச் சென்றனர் என்றும் மக்ரீஸீ கூறுகிறார்.

அங்காடியிலிருந்து அது அடுக்களைக்கும் வந்து சேர்ந்தது. 'கஹ்க்' எனும் மாவுப் பலகாரம் இல்லாமல் எகிப்தியர் வீட்டில் இன்றளவும் நோன்புப் பெருநாள் இல்லை. மாவில் நெய்யைப் பிசைந்து, உள்ளே பேரீச்சம்பழமோ கொட்டைப் பருப்போ வைத்து, மேலே கோலமிட்டுச் சுட்டு, சர்க்கரைப் பொடி தூவி அடுக்குவர். ரமளானின் கடைசி நாட்களில் உறவுப் பெண்களும் அண்டை வீட்டுப் பெண்களும் ஒன்றுகூடி உருட்டுவதும், தட்டுகளைத் தலையில் சுமந்து தெருவிலுள்ள அடுமனைக்குக் கொண்டு செல்வதும் அந்நாட்டு வழக்கம். வருவோருக்குத் தேநீருடன் அதுவே முதல் உபசாரம்.

கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் பழைய பலகார அச்சுகள் சில வைக்கப்பட்டுள்ளன. மாவின் மீது பதிவதற்காக அவற்றில் அரபி எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். உண்பீராக, நன்றி செலுத்துவீராக என்பது அவற்றில் காணும் வாசகத்தின் கருத்து. செய்வித்தவர் பெயர் அந்த வாசகத்தில் இல்லை.