வட்ட ஆர்.என்.ஏ.யும் பெருங்குடற் புற்றுநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதகுலத்தை வாட்டும் புற்றுநோய்களுள் பெருங்குடலையும் நேர்குடலையும் பற்றும் நோய் கொடியதொன்றாகும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 19 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறக்குறைய 9 இலட்சம் பேர் மாண்டனர். இந்நோயின் காரணத்தைத் தேடிய அறிஞர்க்குத் தாம் தேடாத பொருளொன்றும் அகப்பட்டது. வட்ட ஆர்.என்.ஏ. என இன்று வழங்கும் அப்பொருளின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

பரம்பரையலகு தொழிற்படுங்கால் அதன் செய்தி முதலில் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதப்பெறும். அப்படியில் வேண்டாத பகுதிகள் வெட்டி நீக்கப்பட, எஞ்சிய துண்டங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் ஒழுங்கில் இணைக்கப்பெறும். பிந்திய துண்டமொன்றின் கடை முந்திய துண்டமொன்றின் தலையோடு இணையுமாயின், இழை வளையமாகிவிடும். நுனியிலிருந்து அரிக்கும் நொதியங்கள் நுனியில்லாத வளையத்தை அழிக்கமாட்டா. ஆதலின் அது நெடிது நிலைத்து நிற்கும்.

உருளைக்கிழங்கு முதலிய பயிர்களுக்கு நோய் விளைக்கும் வைரொயிட்டுக்கள் இத்தகைய வளையங்களே என்பதை 1976இல் ஜேர்மானிய அறிஞர் ஹைன்ஸ் செங்கரும் அவர்தம் துணைவரும் நிறுவினர். 1979இல் கருவுள்ள கலங்களின் குழியவுருவிலும் வளையங்கள் உள்ளமை இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் காணப்பட்டது.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே பேர்ட் வோகல்ஸ்ரைன் குழுவினர், பெருங்குடற் புற்றிற் பெரும்பாலும் இழக்கப்படும் டீ.சீ.சீ. என்னும் பரம்பரையலகை 1990இல் வெளிப்படுத்தினர். அதனை மேலும் ஆராய்ந்துழி, துண்டங்கள் ஒழுங்கு மாறி இணைந்த படிகள் தோன்றின. 1991இல் இதனை வெளியிட்டோர் அவற்றைக் 'குலைந்த துண்டங்கள்' என்றனரேயன்றி வளையமெனக் கூறினாரல்லர். எலியின் விதைகளில் உள்ள ஒரு படி உண்மையில் வளையமே என்பது 1993இல் தெளிவாயிற்று.

எனினும் அடுத்த இருபதாண்டளவும் இவை பெரும்பாலும் வெட்டியிணைப்பின் பிழைகளாகவே எண்ணப்பட்டன. இதற்கு ஆய்வுமுறையும் ஒரு காரணமாம். ஆய்வாளர் பலர் ஆர்.என்.ஏ.யை அதன் வாலைப் பற்றியே சேர்த்தனர், வளையத்துக்கோ வாலில்லை. ஒழுங்கு மாறிய துண்டங்களைக் கணிப்பொறியும் தள்ளிவிட்டது. 2012இல் சல்ஸ்மன் முதலியோர் நூற்றுக்கணக்கான மனிதப் பரம்பரையலகுகளிலிருந்து வளையங்கள் உண்டாதலைக் காட்டிய பின்னரே கருத்து மாறிற்று.

2013இல் பேர்லினிலும் டென்மார்க்கின் ஆர்ஹூஸிலும் இருந்த இரு குழுவினர், சிர்ஸ்-7 என்னும் வளையம் 70க்கு மேற்பட்ட இடங்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-7ஐப் பற்றவல்லது என்றனர். கடற்பஞ்சு நீரை உறிஞ்சுமாப்போல வளையம் அதனை உறிஞ்சும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை விரைவிற் புற்றுநோயாய்வுக்கும் பரவிற்று. சிர்ஸ்-7 மிக்க பெருங்குடற் புற்றாளர் குறைந்த காலமே வாழ்ந்தனர் என 2017இல் ஓர் ஆய்வு கூறியது, மைக்ரோ ஆர்.என்.ஏ.-7இன் தடை நீங்க, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் மிகும் என்பது அது காட்டிய காரணம். ஆனால் பொதுவாக நோக்குமிடத்து, வளையங்கள் நலமான இழையத்தினும் புற்றிழையத்திற் குறைவு என்று 2015இலேயே வியன்னா ஆய்வாளர் கண்டிருந்தனர்.

2020இல் ஆர்ஹூஸ் அறிஞரே தம் பழைய கொள்கையை மீண்டும் சோதித்தனர். கட்டியை முழுதாக அரைத்து அளவாது, கலந்தோறும் நோக்கினர். பெருங்குடற் புற்றுக்கலங்களிலே சிர்ஸ்-7 காணப்படவில்லை. அவற்றைச் சூழ்ந்த தாங்கிழையக் கலங்களிலேயே அது மிக்கிருந்தது. எனவே முன்னைய அளவீடுகள் தாங்கிழையத்தின் மிகுதியையே காட்டியிருத்தல் கூடும்.

இரத்தத்திலும் நிலைத்து நிற்கும் வளையங்கள் நோயை முன்னறியும் குறிகளாகலாம் என்னும் நம்பிக்கை இன்னும் உண்டு. அந்நம்பிக்கை மெய்ப்படின் காக்கப்படும் உயிர்கள் பல. ஆயின் இவ்வரலாறு இருவகைத் தீங்குகளை எச்சரிக்கின்றது. கண்டதைப் பிழையெனத் தள்ளியமையால் இருபதாண்டு கழிந்தது. கண்டதை விரைந்து காரணமெனக் கொண்டமையால் ஆய்வு வழிதவறியது. தம் கொள்கையைத் தாமே சோதித்த ஆர்ஹூஸ் அறிஞரின் நேர்மையே, இத்துறையிற் புகும் இளைஞர் முதற்கண் கற்கவேண்டிய பாடமாகும்.